வயிற்றில் பூச்சி, நெஞ்சில் விசில்

ஒவ்வாமைச் சோதனைக்காக மகளின் இடது முன்கையை மேசைமேல் நீட்டச் சொல்லித் தாதி பேனாவால் எண் போட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டுத் திரவம். சொட்டின் மேலேயே சின்ன முள் ஒன்றால் லேசாக ஒரு குத்து. ரத்தம் வரவில்லை. “15 நிமிஷம் சொறியக்கூடாது” என்றார். 14 வயதுப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா அது? அவள் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் தடித்தது ஹிஸ்டமின் சொட்டு. அது தடிக்கத்தான் வேண்டும்; தோல் ஒழுங்காகப் பதில் சொல்கிறதா என்று பார்க்க வைப்பது. உப்புநீர்ச் சொட்டு சும்மா இருந்தது. அடுத்த இரண்டும் தூசிப்பூச்சி. அதில் ஒன்று புளோமியா டிராப்பிகாலிஸ், நம் பக்கத்து ஈரக் காற்றில் செழிக்கிற இனம். பத்து நிமிடத்துக்குள் இரண்டும் பெரிய கொசுக்கடி போல எழும்பி, நடுவில் வெளுத்து ஓரத்தில் சிவந்து, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கரப்பான்பூச்சியும் எழும்பியது. இறால் கொஞ்சம் சின்னதாக. பூனை எழும்பவே இல்லை; மகள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தாதி ஸ்கேல் வைத்து அளந்து எழுதினார். 3 மில்லிமீட்டராவது தடித்தால்தான் கணக்கு.

கூட வந்திருந்த அம்மா எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் மிஸ்ஸி, கரப்பான் வந்த புள்ளைக்குக் கரப்பானே ஆகலையா?” என்றார். மகளுக்கு மூன்று வயதிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் என்கிற தோல் அரிப்பு உண்டு. நோய்க்கும் பூச்சிக்கும் ஒரே பேர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ. இறாலையும் கருவாட்டையும் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒதுக்கி வைத்ததும் அவர்கள்தான். பாதியாவது சரியாகத்தான் ஊகித்திருக்கிறார்கள்.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பும் வழியில், பின் இருக்கையிலிருந்து அம்மா தீர்ப்புச் சொன்னார். “ஒங்க ஏழு பேருக்கும் வயிறு நெறையப் பூச்சி. ஒருத்தருக்கும் இளைப்பு வந்ததில்ல. இவளுக்கு ஒரு பூச்சியும் இல்ல, நெஞ்சு விசிலடிக்குது.”

என் மனைவி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரப்பர் பால் வெட்டப் போனவர் அம்மா. அவர் சொன்ன அதே சந்தேகத்தின் பின்னால் விஞ்ஞானிகள் ஐம்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எங்கோ படித்த நினைவு. அன்றிரவே தேட உட்கார்ந்தேன். அது மூன்று மாதத் தேடலாகிப் போனது.

முதலில் எங்கள் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது 1969இல், ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். இப்போது அங்கே லயமும் இல்லை, பால்மரமும் இல்லை, செம்பனைதான். லயத்துக்குப் பின்னால் ஒரு கால்வாய். அதற்கும் பின்னால் பல வீட்டுக்குப் பொதுவான கக்கூஸ். இருட்டில் அவ்வளவு தூரம் போகப் பயந்த பிள்ளைகள் எங்கே போனோம் என்று எழுத வேண்டியதில்லை. செருப்பு பள்ளிக்கூடத்துக்கு மட்டும். அம்மா காலை ஐந்து மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டால், எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டபின் மண்தான் எங்களுக்குத் தொட்டில், விளையாட்டுச் சாமான் எல்லாம்.

சனிக்கிழமைகளில் வேப்பங்கொழுந்தை அரைத்துக் கோலிக்குண்டு அளவில் உருட்டி வாயில் திணிப்பார். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய். 1974 முதல் 1983 வரை மலேசியா முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே பூச்சி மருந்து கொடுத்தது. வரிசையில் நின்று, விழுங்கிவிட்டு வாயைத் திறந்து வாத்தியாரிடம் காட்ட வேண்டும். அப்படி ஒருநாள் மருந்து வாங்கி வந்த என் தம்பி, மறுநாள் காலை வாசலில் குந்தியபடியே அலறினான். நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு சாண் நீளம், மண்புழு மாதிரிதான், ஆனால் வெளுத்த ரோஸ் நிறம். இரண்டு முனையும் கூர்மை. மெதுவாக நெளிந்துகொண்டிருந்தது. அம்மா ஓர் ஈர்க்கை ஒடித்து, ஏதோ அடுப்புக்கரியை ஒதுக்குவது போல அதை ஒதுக்கினார். “நாக்குப்பூச்சிடா. இதுக்குப் போயா கத்துற?”

உருளைப்புழு என்று புத்தகத்தில் போடுவது அதைத்தான். பெண் புழு ஒன்று ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை போடும். தம்பி அலறியது நியாயம்தான்.

சரி, விஞ்ஞானத்துக்கு வருவோம். 1989இல் டேவிட் ஸ்டிராக்கன் என்ற ஆய்வாளர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டே பக்கத்துக் கட்டுரை ஒன்று எழுதினார். 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பிரிட்டிஷ் பிள்ளைகளை 23 வயது வரை தொடர்ந்து வைத்திருந்த கணக்கு அவர் கையில் இருந்தது. மகரந்தத்தால் தும்மலும் மூக்கொழுகலும் வருகிறதே, அந்த ஒவ்வாமை யாருக்கு அதிகம் என்று பார்த்தார். அண்ணன் அக்கா எத்தனை பேர் இருக்கிறார்களோ, அந்த அளவுக்கு அது குறைந்தது. மூத்த பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் தொற்றுகள் இளையவர்களைக் காக்கின்றனவோ என்று கேட்டார். சுகாதாரக் கருதுகோள் என்று பின்னால் பேர் வாங்கியது அந்தக் கேள்விதான். ஏழு பேரில் நான் ஐந்தாவது. என் மகள் ஒற்றைப் பிள்ளை. ஸ்டிராக்கனின் கணக்கு எங்கள் வீட்டில் கச்சிதமாக உட்காருகிறது. கச்சிதமாக உட்காருவதை நான் நம்புவதில்லை, அது வேறு விஷயம்.

ஸ்டிராக்கனுக்கு முன்பே புழுவைச் சந்தேகித்தவர்கள் உண்டு. டர்ட்டன் என்ற இங்கிலாந்துக்காரர், மகரந்தக் காலம் வந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு அலைகிறவர், தன் உடம்பில் தானே கொக்கிப்புழுவை ஏற்றிக்கொண்டார். அந்த இரண்டு கோடையும் தும்மலே இல்லை என்று 1976இல் லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். ஒற்றை ஆள் கதை. ஆனாலும் எத்தனை பேர் துணிவோம்? நம் பாட்டன் பாட்டியெல்லாம் கேட்காமலே பெற்ற புழுவை அவர் கேட்டு வாங்கியிருக்கிறார்.

புழு ஏன் ஒவ்வாமையைத் தணிக்க வேண்டும்? இங்கேதான் நம் தமிழ்ச் சொல் ஒன்று எனக்கு உதவியது. வயிற்றில் இருப்பதும் பூச்சி, சுவரில் ஓடுவதும் பூச்சி, மெத்தைத் தூசியில் இருப்பதும் பூச்சி. வித்தியாசம் தெரியாத பேச்சு என்று என் அறிவியல் வாத்தியார் திட்டுவார். உடம்புக்கும் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் சேதி. தசையில் டிரோபோமையோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. உருளைப்புழு, தூசிப்பூச்சி, கரப்பான்பூச்சி, இறால் எல்லாவற்றிலும் அது ஏறத்தாழ ஒரே அச்சு. கோழியிலும் நம்மிலும் இருப்பது போதுமான அளவு வேறு. மகளின் கையில் வரிசையாக எழும்பியவற்றை நினைத்துக்கொண்டேன். ஐஜிஇ எதிர்ப்பொருள், மாஸ்ட் செல், இயோசினோஃபில் என்று ஒவ்வாமையில் ஓடிவருகிற பட்டாளம் முழுக்கப் புழுவை எதிர்க்கவும் ஓடிவருகிற பட்டாளம். மூக்கொழுகல், இருமல், அரிப்பு, வயிற்றுப்போக்கு: உள்ளே வந்தவனை வெளியே தள்ளுகிற வேலை எல்லாம்.

ஆனால் புழு வருடக்கணக்கில் குடியிருக்க வந்தது. தள்ளிவிட்டால் அதற்குப் பிழைப்பு இல்லை. ஆகவே அது செய்வது, தோட்டத்துக் காவல்காரனான ஜாகாவுக்கு மாதாமாதம் சாராயம் வாங்கிக் கொடுக்கிற பால் திருடன் செய்கிற வேலை. நம் எதிர்ப்புச் சக்தியிலேயே அடக்கி வாசிக்கச் சொல்லும் ஒரு பிரிவு இருக்கிறது: ஒழுங்குபடுத்தும் டி செல்கள், இன்டர்லூக்கின்-10 போன்ற சமிக்ஞைகள். புழு அந்தப் பக்கத்தைத் தூண்டிவிடுகிறது. எலியின் குடலில் வாழும் ஒரு புழு, நம் உடம்பு அமைதிக்காகச் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தின் வேலையைச் செய்யும் போலிப் புரதம் ஒன்றைத் தானே தயாரித்து வைத்திருப்பதை 2017இல் கண்டுபிடித்தார்கள். கள்ள முத்திரை மாதிரி. ஜாகா மயங்கிக் கிடக்கும்போது, பக்கத்தில் நாய் போனாலும் பூனை போனாலும் எழுந்து கத்தமாட்டான். அதுதான் புழுக்காரர்களின் வாதம். சாராயம் நின்றுபோன ஜாகா, நிழலைப் பார்த்தெல்லாம் விசில் ஊதுகிறான்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. வெனிசுவேலாவின் தலைநகர் கராக்கஸில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 22 மாதம் கழித்து, தூசிப்பூச்சிக்குத் தோல் தடித்தவர்கள் 17 சதவீதத்திலிருந்து 68 சதவீதமாக ஏறியிருந்தார்கள். இது 1993இல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில், சிறுநீர்ப்பை நத்தைப்புழு உள்ளவர்களுக்கு, இல்லாதவர்களைவிட ஏறத்தாழ பாதிதான் தோல் தடித்தது. இது 2000இல். படித்தவுடன் அம்மாவிடம் போய், “நீங்க சொன்னது சரிதாம்மா” என்றேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். “அதுல என்ன அதிசயம்” என்பது போல ஒரு பார்வை.

அவசரப்பட்டுவிட்டேன். மேலே படிக்கப் படிக்கக் குழம்பியது. கராக்கஸ் ஆய்வைச் செய்த அதே குழு 1997இல், ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்தபோது இளைப்பு குறைந்தது என்று எழுதியது. ஈக்குவடோரில் 68 பள்ளிகளில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அல்பென்டசோல் என்ற பூச்சி மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். ஒவ்வாமை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வியட்நாமில் கொக்கிப்புழு நிறைந்த கிராமங்களில் மருந்து கொடுத்ததில் தோல் தடிப்பு கூடியது, ஆனால் இளைப்பு கூடவில்லை. 2006இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கொக்கிப்புழு உள்ளவர்களுக்கு ஆஸ்துமா குறைவு, நாக்குப்பூச்சி உள்ளவர்களுக்கு அதிகம் என்று வந்தது. தம்பியை அலறவைத்தது கெட்ட பூச்சி போலிருக்கிறது.

நான் புரிந்துகொண்டது இவ்வளவு. பூச்சி என்று நாம் ஒரே பேரில் அழைத்தாலும், எந்தப் பூச்சி, எத்தனை, எந்த வயதில் வந்தது, எத்தனை வருடம் தங்கியது என்பதைப் பொறுத்துக் கதை மாறுகிறது. நாக்குப்பூச்சியின் குஞ்சுகள் நுரையீரல் வழியாக ஊர்வலம் போய்த்தான் குடலுக்கு வரும். போகிற வழியில் நெஞ்சைக் கிளறிவிட்டுப் போகும். இன்னொன்று, கையில் தடிப்பது வேறு, மூச்சு வாங்குவது வேறு. எத்தனையோ பேருக்குத் தோல் தடிக்கும், தும்மல்கூட வராது. தோலை அளந்துவிட்டு நோயை அளந்ததாக எண்ணிக்கொண்ட கட்டுரைகளே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

கடைசியில் நேரடியாகவே கொடுத்துப் பார்த்தார்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமாக்காரர்களுக்குத் தலைக்குப் பத்துக் கொக்கிப்புழுக் குஞ்சுகள். சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. டென்மார்க்கில் மூக்கொழுகல்காரர்களுக்குப் பன்றியின் சாட்டைப்புழு முட்டைகள். அதிலும் பலன் இல்லை. வளர்ந்து முற்றிய ஆளிடம் பத்துப் புழு போய் என்ன கிழித்துவிடும், தாய் வயிற்றிலிருந்தே அந்தச் சூழலில் வளர்ந்த உடம்புதான் அடங்கக் கற்கும் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். இணையத்தில் காசுக்குப் புழு விற்கிறவர்களுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

இதற்கிடையில் அம்மாவின் கணக்கிலேயே ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன. லயத்தில் நாங்கள் சிமெண்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தோம். பலகைச் சுவரின் இடுக்கில் காற்று போய்வந்தது. மகள் ஜன்னலைச் சாத்தி, ஏர்கோன் போட்டு, பன்னிரண்டு வருடத்து மெத்தையில் படுக்கிறாள். தூசிப்பூச்சிக்கு அதைவிடச் சொர்க்கம் ஏது? அப்புறம், லயத்தில் இளைப்பே இல்லை என்பதும் பொய். மூன்றாவது வீட்டு மாமா ஒருவர் இரவெல்லாம் திண்ணையில் முட்டியைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். அதற்கு எல்லோரும் நெஞ்சுச்சளி என்று பேர் வைத்திருந்தார்கள்.

அம்மாவிடம் அவரை ஞாபகப்படுத்தினேன். ஒத்துக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, அவராகவே தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். எனக்குப் பெரியம்மா, நான் பார்த்ததில்லை.

“அக்கா மண்ணு திங்கும். அடுப்புக்கட்டி ஓரத்த நகத்தால பேத்துப் பேத்து வாயில போட்டுக்கும். ஆத்தா சூடு வச்சும் நிக்கல. வெள்ளக்காரி மாதிரி வெளுத்துப்போச்சு. டிரஸ்ஸர் வந்தாருன்னா கண்ணு ரெப்பைய இழுத்துப் பாப்பாரு, ‘கொக்கிப்பூச்சி’ம்பாரு, போயிடுவாரு. அக்காவால மேட்டு நெரையில ஏற முடியாது. மரத்துக்கு மரம் குந்திக்கும். சோம்பேறின்னு தண்டல் அரப்பேரு போட்டுருவான்.” டிரஸ்ஸர் என்றால் தோட்டத்து மருந்துக்காரர், தண்டல் என்றால் மேற்பார்வையாளர், அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். “ரெண்டாவது புள்ளைக்குப் போயிருச்சு. ஒடம்புல ரத்தமே இல்லைன்னாங்க.”

நெகேட்டர் அமெரிக்கானஸ் என்ற கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். ஒரு நாளைக்கு அது எடுப்பது 0.03 மில்லிலிட்டர் ரத்தம். ஒன்றுமே இல்லை. நூறு புழுவுக்கு 3 மில்லிலிட்டர், மாதத்துக்கு 90. சோற்றுக்கும் கருவாட்டுக்கும் மேல் அதிகம் பார்க்காத பெண்ணின் உடம்பில், வருடக்கணக்கில். இரும்புச் சத்து வற்றிப்போன உடம்பு மண்ணைத் தேடும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டுதான் இந்தப் புழு ஏறுகிறது. தோட்டத்தில் அதற்குக் குறைவா?

இது யாருக்கும் தெரியாத விஷயமும் அல்ல. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஆய்வுக்குழு ஒன்று சாமுவேல் டார்லிங் தலைமையில் மலாயா, ஜாவா, ஃபிஜி மூன்றுக்கும் வந்தது. மருந்து கொடுத்து, வெளியேறிய மலத்தைச் சலித்து, கொக்கிப்புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். 1920இல் அறிக்கை அச்சாகிவிட்டது. பெரியம்மா பிறந்தது அதற்குப் பிறகு, அம்மா கணக்குப்படி பத்துப் பதினைந்து வருடமாவது கழித்து. புழு எப்படி வருகிறது, எப்படி நிற்கும் என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தது. கக்கூஸும் செருப்பும்தான் லயத்துக்கு வந்துசேரவில்லை. ‘அந்தக் காலத்து மண் நல்ல மண்’ என்று யாராவது வாட்ஸ்அப் குழுவில் வீடியோ அனுப்பும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அந்த மண்ணைத் தாங்கியவர்கள்தான் கதை சொல்ல இருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ச் சந்தைக்கு காட்டுப் பகுதியான உலு பக்கத்திலிருந்து தெமியார் என்ற பூர்வகுடி மக்கள் இறங்கி வருவார்கள். பிள்ளைகள் லோரியின் பின்னால் நின்றுகொண்டிருக்கும். நாட்டின் பெரும்பகுதியில் மறைந்துபோன வயிற்றுப் பூச்சி, ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிகளின் குடியிருப்புகளில் இன்னும் நிறைய உண்டு. மருந்து கொடுத்தாலும் சில மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறது. இங்கே நடந்த ஆய்வொன்று, புழு உள்ளவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடுதலாக இருப்பதை 2014இல் காட்டியது. 2016இல் சயன்ஸ் இதழில் வந்த இன்னொன்று, ஓராங் அஸ்லி மக்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்தபின் அந்த நுண்ணுயிர்க் கூட்டமே மாறியதைக் காட்டியது. குடல் அழற்சி நோய்களைப் புரிந்துகொள்ள இது முக்கியமான தடயம் என்கிறார்கள். எனக்கும் சந்தேகமில்லை. புழுவின் அந்தக் கள்ள முத்திரையை, புழு இல்லாமல் மருந்தாக்க முடிந்தால் என் மகளைப் போன்றவர்களுக்குப் பெரிய காரியம். ஆனால் லோரியில் நிற்கும் அந்தப் பிள்ளைக்கு முதலில் ஒரு கக்கூஸ் வேண்டும்.

வீட்டில் மெத்தையை மாற்றிவிட்டோம். படுக்கை விரிப்பை வாரா வாரம் கொதிநீரில் துவைக்கிறோம். மகள் காலையும் இரவும் மருந்து உறிஞ்சுகிறாள். இரவு விசில் குறைந்திருக்கிறது. இறால் சம்பல் செய்யும் நாளில் மட்டும் முகம் தொங்கிப்போகிறது.

போன வாரம் பள்ளி விடுமுறை ஆரம்பித்தது. பசாருக்குப் போய்வந்த அம்மா கீரையை எடுத்துவைத்தார், நெத்திலியை எடுத்துவைத்தார். பையின் அடியில் மருந்துக்கடை உறை ஒன்று. பிரித்தால் கொம்பான்ட்ரின்.

“யாருக்கும்மா இது?”

“பாப்பாவுக்குத்தான். ஆறு மாசமாச்சே, பூச்சி மருந்து குடுத்து.”

“பூச்சி இருந்தா இளைப்பு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது வேற பேச்சு.” அட்டைக்குள்ளிருந்த தாளை விரித்து, கண்ணுக்கு எட்டாமல் கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். “எத்தன மாத்திரன்னு படிச்சுச் சொல்லு.”